பக்கத்து வீட்டுப் பதில்

செத்துப்போன மனிதர் பொழுதுபட்டால் கூப்பிடுகிறார். அதுகூடப் பரவாயில்லை. இப்போது யாரோ ஒரு பெண் அவருக்குப் பதில் சொல்கிறாள்.

போன கிழமை யூஜினி இதைச் சொன்னபோது மகள் ஏஞ்சலா தாயின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு காய்ச்சல் குளிசை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். குளிசையோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தாள். முடியவில்லை.

யூஜினியின் கணவர் அகஸ்ரின் ரொறன்ரோ விமான நிலையத்தில் டாக்சி ஓடியவர். யாழ்ப்பாணத்துத் தீவான ஊர்காவற்றுறைக்காரர். மூன்று வருடங்களுக்கு முன் கரீபியன் கடலில் சென் ஓபின் என்ற சின்னத் தீவில் கடற்கரையோரம் ஒரு வீடு வாங்கினார். ஸ்காபரோவில் தாங்கள் குடியிருக்கும் மல்வேர்ன் ரவுன்ஹவுசை வங்கியில் ஈடு வைத்துத்தான் வாங்கினார். 'தீவான் தீவிலைதானே வீடு வாங்குவான்' என்று சிநேகிதர்கள் பகிடி பண்ணினார்கள். பகிடி பண்ணியவர்களும் வாங்கினார்கள். அந்த நேரம் ஸ்காபரோவில் கலியாண வீட்டுக்குப் போனாலும் செத்த வீட்டுக்குப் போனாலும் அந்தத் தீவுக் கதைதான். ரொறன்ரோவில் இனி ஒன்றும் வாங்க ஏலாது. அங்கே வாங்கு. பூட்டி வைத்தாலும் விலை ஏறும்.

ஏறியது. ஒரே வரிசையில் கட்டிய அந்த வீடுகளைக் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்தவர்கள் வாங்கினார்கள். ஒருவரும் குடிபோகவில்லை. தீவில் பிறந்தவர்களுக்கு அந்த விலை எட்டவில்லை. கடற்கரை நீளத்துக்குப் பூட்டிய வீடுகள்.

பூட்டிய வீடுகளுக்குக் கள்ளர் வந்தார்கள். காப்புறுதிக் கட்டணம் ஏறியது. வீடுகளைப் பராமரிக்கும் கம்பனி இதற்கு ஒரு வழி செய்தது. பொழுதுபட்டதும் எல்லா வீட்டிலும் விளக்குகள் தாமாகவே எரியும். யன்னல்கள் கொஞ்சம் திறக்கும். உள்ளே ஸ்பீக்கரில் குடும்பத்தின் சத்தம் கேட்கும். 'உங்கள் வீட்டில் வழக்கமாகக் கதைப்பதைப் பதிந்து அனுப்புங்கள்' என்று கம்பனி எல்லாரிடமும் கேட்டது. ஆட்கள் இருக்கிற மாதிரி இருந்தால் போதும். அது போக, வீட்டுக்குள் என்ன கேட்கிறது என்று உரிமையாளர்கள் தங்கள் போனில் எப்போதும் கேட்டுக்கொள்ளலாம்.

அகஸ்ரின் பதிந்தது, யூஜினி அவரோடு கதைக்காமல் இருந்த கிழமையில். வீட்டை வங்கியில் வைத்தது அவளுக்கு அப்போதுதான் தெரியவந்திருந்தது. அவர் போனைக் குசினி மேசையில் வைத்துவிட்டு ஹோலில் இருந்து கூப்பிட்டார். "இஞ்சேரும்." பதில் இல்லை. "இஞ்சேரும், ஒரு தேத்தண்ணி." பதில் இல்லை. மூன்றாவது கொஞ்சம் சூடாக, "இஞ்சேரும், காது கேக்கேல்லையோ?" அதை அப்படியே அனுப்பிவிட்டார்.

கட்டிய நாளில் இருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த வயதுக்காரர் பலர் அப்படித்தான். பெண்சாதிக்கு இஞ்சேரும், புருசனுக்கு என்னப்பா. அதனால் அந்தக் கூப்பிடுதலில் யாருடைய பெயரும் இல்லை. யாரும் பதில் சொல்லலாம்.

மார்கழியில் மாரடைப்பு வந்து அகஸ்ரின் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. யூஜினி பின்னேரமானால் போனைக் காதில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

*

செவ்வாய்க்கிழமை மத்தியானம் றொய்சன் வந்தான். அகஸ்ரினின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். வீடு வாங்கி விற்கிற ஏஜென்ற். பஸ் தரிப்பிடத்து வாங்கு விளம்பரங்களில் அவனுடைய படம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். நேரில் அவ்வளவு பல் இல்லை.

"சித்தி, தீவு வீட்டுக்கு ஆள் மாட்டியிருக்கு," என்றான் சப்பாத்துப் பனியைக் கால்மிதியில் உதறிக்கொண்டே. "நாங்கள் கேட்ட விலை. பேரமே பேசேல்லை. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ளை சைன் வைக்கவேணும்."

"நாளைக்கு வைச்சா என்ன?"

"நாளைக்கு அங்கை இன்னும் பத்து வீடு விலைக்கு வரும். போன வருசம் மாதிரி இல்லை சித்தி. புயல் அடிச்சாப்பிறகு இன்சூரன்ஸ்காரன் கழுத்தை நெரிக்கிறான். வாங்கின சனம் எல்லாம் ஒரே நேரத்திலை விக்க வெளிக்கிட்டுது. இன்னும் ரெண்டு மாசம் போனா சும்மா குடுத்தாலும் ஒருத்தனும் எடுக்கான்."

"ஏறும் ஏறும் எண்டு சொன்னதும் நீதானே?"

"ஏறினதுதானே! ஏறினது இறங்காது எண்டு நான் சொன்னனானோ?"

ஏஞ்சலா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மேசையில் இருந்தாள். பல் வைத்தியரின் அலுவலகத்தில் வேலை. இந்த ரவுன்ஹவுசின் கடனில் அவளும் கையெழுத்து வைத்திருக்கிறாள்.

"அம்மா, மோர்ட்கேஜ் றினியூவல் ஏப்ரில்லை வருது. அதை விக்காட்டி இந்த வீட்டை விட்டு நாங்கள் எழும்பவேணும். யூ நோ தற்."

"தெரியும்."

"தென் ஜஸ்ற் சைன்."

ஏஞ்சலா றொய்சனின் ரப்லெற்றை வாங்கி ஒப்பந்தத்தைத் தள்ளித் தள்ளி வாசித்தாள். வீட்டோடு சேர்த்துக் கொடுக்கிற பொருட்களின் வரியில் விரல் நின்றது. அடுப்பு, ஃபிரிட்ஜ், உடுப்புத் தோய்க்கிற மெஷின், கதிரை மேசைகள். அதற்குப் பிறகு, பதிவு செய்யப்பட்ட குரல்.

"வட் இஸ் திஸ்? அப்பாவின்ரை வொய்ஸையும் குடுக்கிறமா?"

"வாங்குற ஆள் கேட்டது," என்றான் றொய்சன். "அது இல்லாட்டி வீடு வேண்டாமாம்."

"என்ரை மனுசனை அடுப்போடை சேத்து எழுதியிருக்கிறாய்," என்றாள் யூஜினி.

"சித்தப்பாவை இல்லை சித்தி. சித்தப்பாட சத்தத்தை."

"அம்மா, உங்கடை போனிலையும் அதின்ரை கொப்பி போட்டுத் தந்தனான்தானே. எப்ப வேணுமெண்டாலும் கேக்கலாம்."

"அது நான் பட்டனை அமத்தினா கத்துது. அங்கை இருக்கிறவர் தான் நினைச்ச நேரத்துக்குக் கூப்பிடுறார். ரெண்டும் ஒண்டில்லை."

றொய்சன் ஏஞ்சலாவைப் பார்த்தான். ஏஞ்சலா கூரையைப் பார்த்தாள்.

"ஆர் வாங்குறது?"

"அது சொல்லக்கூடாது சித்தி. எங்கடை லைசென்ஸ்—"

"உன்ரை ஞானஸ்நானத்துக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு நிண்டவள் நான். என்ரை சாறியை நனைச்சனி. சொல்லு."

றொய்சன் கதிரையில் இருந்தான்.

"பக்கத்து வீட்டுக்காரர். அங்கை உங்கடை வீட்டுக்குப் பக்கத்து வீடு. ஆள் இஞ்சை வெக்ஸ்போர்ட்டிலை இருக்கிறார், சண்முகலிங்கம் எண்டு. நீங்கள் ஒரு பொம்பிளைக் குரல் கேக்குது எண்டியளாம், ஏஞ்சலா சொன்னவள். அது அவற்றை மனுசின்ரை குரல். கம்பனி போன மாசம் எல்லா வீட்டு ரைமரையும் ஒரே நேரத்துக்கு மாத்தினது. ரெண்டு வீட்டு யன்னலுக்கும் நடுவிலை ஒரு கார் போற இடம்தான். இஞ்சாலைச் சத்தம் அங்காலை கேக்கும், அங்காலைச் சத்தம் இஞ்சாலை கேக்கும். அவ்வளவுதான் விசயம்."

ஏஞ்சலா பெரிதாக மூச்சு விட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களா அம்மா? ரெண்டு ஸ்பீக்கர். மிஸ்ரறி சோல்வ்ட்."

யூஜினி சிரிக்கவில்லை. "அந்த மனுசி எங்கை இப்ப?"

றொய்சன் ரப்லெற்றைத் துடைத்தான். "போன வருசம் மோசம் போயிட்டா."

"அப்ப ரெண்டுபேரும் செத்த ஆக்கள்."

"சித்தி, உங்களுக்கு நான் விளங்கப்படுத்துறது என்னெண்டா—"

"எனக்கு விளங்கிட்டுது. நான் தேத்தண்ணி போடேல்லை. செத்தாப்பிறகு வேறை ஆள் கிடைச்சிட்டுது மனுசனுக்கு." அவள் குளிருடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். "வெக்ஸ்போர்ட்டிலை எவ்விடம்?"

*

ஏஞ்சலா காரை ஓட்டினாள். சைன் வைக்கவென்று றொய்சன் கொடுத்துவிட்ட ரப்லெற் அவளுடைய கைப்பையில் இருந்தது. உப்புப் போட்ட தெரு சாம்பல் நிறமாக இருந்தது. போகிற வழியில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் கட்டடங்கள் இரண்டு. எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டதாக வெளியே பெரிய பதாகை. மப்பான அந்தப் பின்னேரத்தில் ஒரு சில யன்னல்களில்தான் வெளிச்சம் இருந்தது. மிச்ச எல்லாம் திரைச்சீலைகூடப் போடாத கறுப்புக் கண்ணாடி.

"அம்மா, சீரியஸா கேக்கிறன். யூ ஆர் ஜெலஸ்?"

"விசர்க் கதை கதையாதை."

"தென் ஏன் போறம்? அந்த அங்கிளுக்கு என்ன சொல்லப் போறீங்கள்?"

"சொல்ல இல்லை. ஒண்டு கேக்கவேணும்."

"என்ன?"

"அவ வாறன் எண்டு சொல்லுறா. எனக்குத் தூரத்திலைதான் கேக்கிறது. ஆனா அதுதான் சொல்லுறா. வாறன், வாறன்." யூஜினி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். "எங்கை வாறாவாம்?"

ஏஞ்சலா ஹீற்றரைக் கூட்டினாள்.

*

சண்முகலிங்கம் லோறன்ஸ் அவெனியூவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய அப்பாட்மென்றில் இருந்தார். கார்ப் பாகங்கள் செய்கிற ஃபக்ரறியில் வேலை செய்து இளைப்பாறியவர். மெலிந்த, துப்புரவான மனிதர். யூஜினி யார் என்று சொன்னதும் வாசலைவிட்டு விலகி நின்றார். ஆச்சரியப்படவில்லை.

"வாங்கோ தங்கச்சி. வாங்கோ பிள்ளை. ஒருநாளைக்கு வருவியள் எண்டு தெரியும்."

ஹோல் சுவரில் ஒரு பெண்ணின் படம். பொட்டு வைத்து, கீழே சிவப்புச் சின்ன பல்ப் எரிந்தது. வட்ட முகம். வாயை மூடிய சிரிப்பு.

"பாலேஸ்வரி," என்றார் சண்முகலிங்கம். சொல்லிவிட்டு, சொன்னதுக்கு வெட்கப்பட்டவர்போல நிலத்தைப் பார்த்தார். "இருந்த காலத்திலை பேர் சொல்லிக் கூப்பிட்டறியன்."

"எங்கடை ஆளும் அப்பிடித்தான்," என்றாள் யூஜினி.

அவர் சிவப்பு நெக்டோ சோடா ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். யாரும் தொடவில்லை.

"அண்ணை, நேரா கேக்கிறன். உங்களுக்கு என்ரை மனுசன்ரை குரல் என்னத்துக்கு?"

"எனக்கில்லை, அவவுக்கு." அவர் படத்தைக் காட்டினார். "கம்பனி றெக்கோட் பண்ணி அனுப்பச் சொன்ன நேரம் அவவுக்கு வருத்தம் முத்தியிருந்தது. என்ன கதைக்கிறது எண்டு தெரியாமல் கட்டிலிலை இருந்தா. நான் குசினியிலை நிண்டு கூப்பிட்டன், அவ பதில் சொன்னா. பிறகு போட்டுக் கேட்டா என்ரை குரல் ஒரே இருமல். அதை வெட்டிப்போட்டு அவவின்ரை பதிலை மட்டும் அனுப்பினன்."

"சோ, பதில் மட்டும்?" என்றாள் ஏஞ்சலா. "கேள்வி இல்லாமல்?"

"ஓம் பிள்ளை. 'ஓம், என்னப்பா?' எண்டுவா. கொஞ்சத்தாலை 'வாறன், வாறன்' எண்டுவா. அவ்வளவுதான். ஆருமே கூப்பிடாமல் வெறும் வீட்டுக்குள்ளை நிண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தவ. போன மாசம்தான் முதல் முதலா ஒருத்தர் கூப்பிட்டுக் கேட்டது."

"கோவம் வரேல்லையோ?"

"வராமலோ? கம்பனிக்குப் போன் அடிச்சுக் கத்தினன். ஆரடா அவன் என்ரை மனுசியை இஞ்சேரும் எண்டு கூப்பிடுறது எண்டு. எடுத்த பெடிச்சிக்கு ஒண்டும் விளங்கேல்லை. பிறகு அடுத்த நாள் காதைக் குடுத்துக் கேட்டன். அவவின்ரை குரல் மாறியிருந்தது."

"றெக்கோடிங் எப்பிடி அங்கிள் மாறும்?"

"எனக்கும் உதே கேள்விதான். முந்திக் கேட்டது வருத்தக்காரியின்ரை குரல். மூச்சிழுத்து இழுத்துச் சொல்லுவா. இப்ப மூச்சிழுக்கிறேல்லை." அவர் ஏஞ்சலாவைப் பார்த்துச் சொன்னார், படிக்காதவர்களுக்கு ஒரு சங்கதியை விளக்குகிறவர்போல. "அதே சொல்லு. அதே நேரம். வருத்தம் மட்டும் இல்லை."

வெளியே தெருவில் பனி வழிக்கிற லொறி போனது.

"நீங்கள் வேறை ஆருக்கும் வித்தால், வாறவன் தன்ரை பிள்ளையளின்ரை சத்தத்தைப் போடுவான்," என்றார் சண்முகலிங்கம். "பிறகு அவவை ஆர் கூப்பிடுறது?"

"நீங்கள் கூப்பிடுறது. உங்கடை மனுசிதானே?"

"கூப்பிட்டன் தங்கச்சி. எங்கடை குரலை அங்கை கேக்கப்பண்ண போனிலை ஒரு பட்டன் இருக்கு. அமத்தி அமத்திக் கூப்பிட்டன்." அவர் கையை விரித்தார். "எனக்கு அவ பதில் சொல்லுறேல்லை."

யூஜினிக்கு அந்த மனிதரில் முதல்முதல் இரக்கம் வந்தது. அதனால் எரிச்சலும் வந்தது.

*

தீவு குளிர்காலத்தில் ரொறன்ரோவுக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் இருக்கும். வெக்ஸ்போர்ட்டில் யன்னல் வழியே இன்னும் வெளிச்சம் வந்துகொண்டிருந்தபோதே அங்கே பொழுதுபட்டுவிட்டது.

"நேரமாச்சு," என்றார் சண்முகலிங்கம்.

ஏஞ்சலாவின் போனில் றொய்சனின் செய்திகள் வந்துகொண்டிருந்தன. சைன் வைச்சாச்சா. சைன் வைச்சாச்சா. அவள் போனைத் திருப்பி, தீவின் தெருவைக் காட்டுகிற கம்பனிக் கமராவைத் திறந்தாள். நேரான ஒரு தெரு. தெருவின் ஒரு பக்கம் வெள்ளை வீடுகள், மறுபக்கம் கறுப்பாகக் கடல். நாயில்லை, ஆளில்லை, நிறுத்திய கார் ஒன்றில்லை.

பிறகு விளக்குகள் எரிந்தன. எல்லா வீட்டிலும், ஒரே நொடியில்.

"ஜீசஸ்," என்றாள் ஏஞ்சலா.

வீடுகள் கதைக்கத் தொடங்கின. தெருக் கமராவில் அது ஓர் இரைச்சலாக வந்தது. ஆங்கிலத்தில் யாரோ பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எங்கேயோ ஹொக்கி வர்ணனை. ஒரு கிழவர் தும்மினார். ஒரு குழந்தை ஒரே மாதிரி மூன்று தரம் சிரித்தது. ஒருவரும் இல்லாத கடற்கரையில் ஒரு ஊர்ச் சனம் முழுவதும் கதைத்துக்கொண்டிருந்தது.

யூஜினி தன் போனை மேசையில் வைத்தாள். அதில் அவர்கள் வீட்டுக்குள் இருக்கிற சத்தம். சண்முகலிங்கம் தன் போனைப் பக்கத்தில் வைத்தார். அதில் அவருடைய வீடு. இரண்டு வீட்டையும் ஒரே நேரத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"இஞ்சேரும்."

யூஜினியின் போனில் அகஸ்ரின், ஹோலில் இருந்து கூப்பிடுவதுபோல. ஏஞ்சலா கையால் வாயைப் பொத்தினாள். தகப்பன் செத்த பிறகு அவள் அந்தக் குரலைக் கேட்பது இதுதான் முதல் தரம். இவ்வளவு நாளும் தாயைக் கேட்கவேண்டாம் என்று சொன்னவள், தான் ஒருநாளும் கேட்டிருக்கவில்லை.

சண்முகலிங்கத்தின் போனில், கிட்ட: "ஓம், என்னப்பா?"

யூஜினியின் போனில் அதே குரல் யன்னலுக்கு வெளியே இருந்து, மெல்லியதாக.

"வாறன், வாறன்."

"இவ்வளவுதான்," என்று ஏஞ்சலா அவசரமாகச் சொன்னாள். "இப்ப அப்பா செக்கண்ட் தரம் கூப்பிடுவார். தேத்தண்ணி எண்டு. அம்மா, ரெண்டு ஸ்பீக்கர்தான், நீங்களே—"

சண்முகலிங்கத்தின் போனில் ஒரு கதவு திறந்தது.

மூவரும் அந்தப் போனைப் பார்த்தார்கள். கதவு மறுபடி சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கடல் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை.

அகஸ்ரின் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை.

யூஜினி காத்திருந்தாள். பதிவில் இவ்வளவு இடைவெளி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் மாறாத இடைவெளி. அந்த இடைவெளி போய், மூன்றாவது கூப்பிடுதலின் நேரமும் போய்விட்டது.

அவளுடைய போனில் பாட்டாச் செருப்புத் தேயும் சத்தம் கேட்டது. ஓர் அடி, பிறகு ஓர் இழுப்பு. ஓர் அடி, ஓர் இழுப்பு. தூரத்தில் தொடங்கிக் கிட்ட வந்தது.

சண்முகலிங்கத்தின் முகம் கழுவிவிட்டதுபோல வெளுத்தது.

"அது அவவின்ரை நடை," என்றார். "வலக்காலை இழுப்பா. நான் நடையைப் பதியேல்லை தங்கச்சி. கட்டிலிலை இருந்தவ எண்டு சொன்னனே. நான் நடையைப் பதியேல்லை."

யூஜினியின் போனுக்குள், அவர்கள் வீட்டுக்குள், ஒரு பெண் சொன்னாள்:

"வந்திட்டன்."

வருத்தமில்லாத குரல்தான். சண்முகலிங்கம் சொன்னது சரி.

ஏஞ்சலா தாயின் போனை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். முன் கதவு, பூட்டியிருக்கிறது. பின் கதவு, பூட்டியிருக்கிறது. வீட்டுக்குள் அசைவு, இல்லை. ஒலிப்பதிவு, மூன்று கூப்பிடுதலும் முடிந்தது.

"மூண்டும் முடிஞ்சுது எண்டு இருக்கு," என்றாள். "ஒண்டுதானே கேட்டது? அம்மா, ஒண்டுதானே?"

சண்முகலிங்கம் தன் போனைப் பறித்தெடுத்துப் பட்டனை அமத்தினார்.

"இஞ்சேரும்! இஞ்சேரும்!" அவருடைய குரல் அங்கே வெறும் சுவர்களில் மோதித் திரும்பி அதே போனுக்குள் வந்தது. "பாலேஸ்! பாலேஸ்வரி!"

கடல் இரைந்தது. அவர் பட்டனை விட்டார். இருமல் வந்து முடிந்தது.

பிறகு அவர் யூஜினி பக்கம் திரும்பினார். இதுவரை இருந்த மரியாதையான மனிதர் அந்த முகத்தில் இல்லை.

"சைனை வையுங்கோ. இப்பவே வையுங்கோ. கேட்ட விலைக்கு மேலையும் தாறன். எனக்கு அந்த வீடு வேணும்."

"உங்களுக்கு வீடு இருக்குத்தானே அண்ணை."

"அதிலை இப்ப ஆரும் இல்லை!"

யூஜினி காதைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். குசினிக்குள் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள். கேத்திலில் தண்ணீர் நிரம்புகிற சத்தம், மெல்ல உயர்ந்து, நின்றது. கதிரை ஒன்று இழுபட்டது. அகஸ்ரின் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது கதிரையை அப்படித்தான் இழுப்பார், தூக்கி வைக்க மாட்டார். அதற்காக எத்தனை நாள் அவரோடு சண்டை பிடித்திருக்கிறாள்.

"கூப்பிட்ட உடனை நான் ஒருநாளும் எழும்பிப் போகேல்லை," என்றாள், யாருக்கென்று இல்லாமல்.

ஏஞ்சலாவின் போன் அடித்தது. றொய்சன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன நடக்குது அங்கை? அஞ்சு நிமிசத்திலை நான் ஒஃபிசிலை இருக்கவேணும். சித்தி சைன் வைச்சவவோ இல்லையோ?"

ஏஞ்சலா தாயைப் பார்த்தாள். "அம்மா. மல்வேர்ன் வீடு. ப்ளீஸ். விக்காட்டி நாங்கள் எங்கை போறது?"

சண்முகலிங்கம் பேனாவையே எடுத்து நீட்டினார். ரப்லெற்றில் விரலால் வைக்கிற கையெழுத்துக்குப் பேனா தேவையில்லை என்பது அவருக்கு ஞாபகம் இல்லை.

யூஜினி மகளைப் பார்த்தாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. பிறகு தன் போனை எடுத்து, சத்தத்தைக் குறைக்காமல், நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"றொய்சன், விக்கேலாது," என்றாள்.

"ஏன் சித்தி? என்ன பிரச்சினை இப்ப?"

"வீட்டிலை ஆக்கள் இருக்கினம்."